இடது பக்கத்து நான்கு நட்டுகள்

ஜூன் 4

வணக்கம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தாகிவிட்டது. அதனால் வெறும் வணக்கம்.

போன வாரம் பஸ் டிப்போவுக்கு ஒரு பார்சல் வந்தது. மேலே எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'ழ'வுக்கு அப்படி வால் இழுக்கிற ஆள் ஊருலகத்தில் ஒருவர்தான். பார்ட்ஸ் கடையில் இருக்கிறீர்கள் என்று அப்படித்தான் அறிந்தேன். போன் நம்பரும் அதில் இருந்தது. ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். நம் வண்டி நிற்கிற ஷெட்டை விற்கப் போகிறார்களாம். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பதினொரு வருஷமாகத் தார்ப்பாயைப் போட்டு மூடினதோடு சரி, நான் தொடவே இல்லை. முந்தாநாள் திறந்து பார்த்தேன். நசுங்கின மூக்கு அப்படியே இருக்கிறது. பின்பக்கம் இடது புறமாக உட்கார்ந்துவிட்டது. சக்கரம் மட்கார்டில் உரசுகிறது, தள்ளினால்கூட நகரவில்லை. பாரம் தாங்குகிற கமான் பட்டைகள் தொய்ந்துவிட்டன. ரப்பர் புஷ்ஷெல்லாம் கையில் பொடியாக உதிர்கிறது. இந்த ரெண்டு சீட்டு வண்டிக்கு இங்கே எந்தக் கடையிலும் சாமான் இல்லை. "இதெல்லாம் இன்னும் ஓடுதாம்மா?" என்று சிரிக்கிறார்கள்.

பின் சஸ்பென்ஷனுக்கு முழு செட் புஷ், யூ போல்ட், இரண்டு ஷாக் அப்சார்பர். கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி என்னோடுதான் இருக்கிறான். வீட்டிலேயே கட்டடப் படம் வரைந்து கொடுக்கிறான். கைத்தடியோடு நடக்கிறான். உங்களுக்கு எழுதுவது அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா


ஜூன் 11

ஃபிட்டரம்மாவுக்கு,

பழைய பெயரில் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சாமான் இத்துடன் வருகிறது. புஷ் பன்னிரண்டும் புதுசு. ஷாக் அப்சார்பர் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை. பழசைப் பிரித்து சீல் மாற்றி எண்ணெய் ஊற்றியது, நானே கையால் அழுத்திப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பட்டைகளை மட்டும் அங்கேயே பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றிக்கொள். மேல்பட்டையில் விரிசல் இருந்தால் மாற்றிவிடு, ஒட்டுப்போடாதே.

புஷ் நட்டுகளை, சக்கரம் தரையில் இறங்கி வண்டியின் பாரம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். உனக்குப் போய்ச் சொல்கிறேன் பார். கவுன்ட்டரில் நின்று நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது.

நான் நலம் என்றுதான் எழுத வேண்டும். முட்டி வலி. கடை, அறை, கடை. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன், சைக்கிள்கூட இல்லை. தம்பி நன்றாக இருக்கட்டும்.

வண்டியை நகர்த்த மட்டும்தான் என்றால் வாடகைக்கு ஒரு லாரியைப் பிடித்து ஏற்றிவிடேன். எதற்கு அதன் அடியில் போய்ப் படுக்கிறாய்? உனக்கும் வயசாகிறது.

நான்


ஜூன் 23

உங்களுக்கு,

சாமான் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. நன்றி. லாரியில் ஏற்றியிருக்கலாம்தான். ஏனோ அது செத்த மாட்டை இழுத்துப் போவது மாதிரி இருந்தது.

ஒன்று கேட்க வேண்டும். பொய் சொல்லாமல் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் போனேன். ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டில் பக்கத்துக்கு நான்கு நட்டு, தெரியும் அல்லவா? வலது பக்கம் நான்கிலும் என் மஞ்சள் பெயின்ட் கோடு இருக்கிறது. டிப்போவில் பழகினது. கடைசியாக இறுக்கி முடித்த பிறகுதான் கோடு போடுவேன், இறுக்காமல் போட்டதே கிடையாது. இடது பக்கம் நான்கிலும் கோடு இல்லை. அதில் இரண்டு நட்டு வேறு கம்பெனி. நான் வாங்கினதே இல்லை.

அடியிலேயே படுத்துக் கிடந்தேன். விபத்து நடந்த அன்று காலையில் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வலது பக்கம் முடித்துவிட்டேன். இடது பக்கம் கையால் சுற்றி விட்டிருந்தேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது என்று டிப்போவிலிருந்து ஆள் வந்தது. சாயங்காலம் வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று ஓடினேன். உங்களிடம் சொல்லவில்லை. மத்தியானம் நீங்களும் தம்பியும் வண்டியை எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு நட்டையும் போட்டது யார்?

ஃபிட்டர்


ஜூலை 2

ஃபிட்டரம்மா,

நான்தான்.

மறுநாள் காலை, இழுத்து வந்து போட்டிருந்த வண்டியைப் பார்க்கப் போனேன். குனிந்து பார்த்தால் இடது பக்கம் இரண்டு நட்டைக் காணோம். மிச்சம் இரண்டும் விரலுக்கே சுற்றின. ஆக்ஸில் இரண்டு விரல் அகலம் பின்னால் போயிருந்தது. அந்த வளைவில் பின்பக்கம் ஏன் அப்படி வீசியது என்று அப்போதுதான் புரிந்தது. பரிசோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் வருவதற்குள் ஆக்ஸிலை நெம்பி இடத்துக்குக் கொண்டுவந்து, டப்பாவில் கிடந்ததில் இரண்டைப் போட்டு இறுக்கினேன். வந்தவர் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நட்டு முடுக்குகிறவள் சொந்த வண்டியில் விட்டுவிட்டாள் என்று தெரிந்தால் உன் வேலை போயிருக்கும். அதுதான் பயம்.

உன்னிடம் சொல்லத்தான் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ வராந்தாவில் நின்று, என் அம்மா, அக்கா, நர்சுகள் எல்லார் முன்னாலும், "வேகம் வேகம்னு அலைஞ்சீங்களே, இப்ப திருப்தியா?" என்றாய். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் போகட்டும் என்றிருந்தேன். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு மாதம் மறைத்தாய் என்பாய். இப்படியே போயிற்று.

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனுஷனாக்கிவிடாதே. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நீ ஒவ்வொரு முறை கத்தும்போதும், உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று உள்ளே ஒரு திமிர். அதை வைத்துக்கொண்டு உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஒரு வருஷம் தாங்கினேன், பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்னொன்று. வேகமாகத்தான் போனேன். தம்பி "மெதுவா போங்க அத்தான்" என்றான். நான் சிரித்தேன். மெதுவாகப் போயிருந்தால் பின்பக்கம் கொஞ்சம் ஆடி நின்றிருக்கும். அதனால் முழுசையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நட்டு உன்னுடையது, ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் என்னுடையது.

களைத்துவிட்டேன். இவ்வளவு எழுதி வருஷக்கணக்காகிறது.

நான்


ஜூலை 27

உங்களுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தான், டம்ளரைக் கீழே வைத்தான். நான்கு நாள் சாப்பாட்டைத் தன் அறைக்கே எடுத்துப் போனான். ஐந்தாம் நாள் நான் ஷெட்டில் இருக்கும்போது தடியை ஊன்றிக்கொண்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"என் கால் போனது போகட்டும்க்கா. அவர் எத்தனை தடவை போன் பண்ணினார், அத்தனை தடவையும் வச்சேன். அதை எந்த ஸ்பேனரால சரி பண்ணுவே?"

அவன் அழுதான். நானும். பிறகு "விளக்கைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டான்.

உங்கள் அக்கா வீட்டுக்கும் போனேன். அண்ணி என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "என் தம்பியைக் குடியைக் கெடுத்தவன்னு சொன்னியே, இதைச் சொல்ல உனக்குப் பதினொரு வருஷமா?" என்றார். "எனக்கே போன மாசந்தான் அண்ணி தெரியும்" என்றேன். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் அம்மா இருந்தால் அவரிடமும் போயிருப்பேன். மகன் கையால் ஒரு பையன் கால் போயிற்று என்று நினைத்துக்கொண்டே அவர் கண்ணை மூடினார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வேலை முடிந்தது. பட்டைகள் வளைவு ஏற்றி வந்தன. பேட்டரி மாற்றி, எண்ணெய் ஊற்றியதும் என்ஜினும் கிளம்பிவிட்டது. சக்கரத்தை இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினேன். எட்டு நட்டையும் இரண்டு முறை சரிபார்த்தேன். புது ஷெட்டுக்கு நானே ஓட்டிப் போனேன். நாலு கிலோமீட்டருக்கு மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, அடியில் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். பின்பக்கம் கெட்டியாக நின்றது. வளைவில் கொஞ்சம்கூட வீசவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகமில்லை. கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள்
ஃபிட்டர்


ஆகஸ்ட் 10

அன்புள்ள ஃபிட்டரம்மாவுக்கு,

சனிக்கிழமை கடைக்குத் தம்பி வந்தான். உனக்குச் சொன்னானோ இல்லையோ. கூட்டம் இருந்தது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ரெண்டு புஷ் குடுங்க" என்றான். எந்த வண்டிக்கு என்று நிமிராமல் கேட்டேன். "எந்த வண்டிக்காவது குடுங்க அத்தான். வேற என்ன கேக்கறதுன்னு தெரியல."

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவனை வெளியே அழைத்துப் போனேன். டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவன் படம் வரைகிற வேலையைப் பற்றிப் பேசினான், நான் முட்டி வலியைப் பற்றி. நடுவில் ஒரு தடவை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். பஸ் ஏற்றிவிட்டேன். படியில் ஏறச் சிரமப்பட்டான், ஆனால் கை கொடுத்தபோது தட்டிவிடவில்லை.

அக்காவும் எழுதியிருக்கிறாள். நீ போய் நின்றதைச் சொல்லியிருக்கிறாள். உன்னைத் திட்டித்தான் எழுதியிருக்கிறாள். கடைசியில் மட்டும், 'இளைச்சுப் போயிட்டா' என்று ஒரு வரி.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் வரவில்லை. கோபத்தால் இல்லை, அது எப்போதோ தீர்ந்துவிட்டது. நீ மன்னிப்புக் கேட்டாய், நான் கொடுத்துவிட்டேன், இதை எழுத்திலேயே வைத்துக்கொள். ஆனால் ஒரே வீட்டில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை. வந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டே இருப்போம், அதுவும் ஒரு வேலை. எனக்குப் போதும். உனக்கும்தான், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

எழுது. சாமான் வேண்டுமென்றால் மட்டும் இல்லை, சும்மாவும் எழுது. நானும் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா தலையைச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தால் பொழுது சாய்ந்திருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் சத்தம். சத்தம் கேட்டுக்கூட எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. இப்படித் தூங்கிப் பதினொரு வருஷமாகிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உன்னைத் தவிர யாருக்குப் புரியும்?

உன்
ஓட்டுநர்