உனக்கென்று எடுத்த கல்

லியபாயா,
நவம்பர் 19

அன்பு மகன் ராய்விஸுக்கு, அம்மா வெல்டா எழுதுவது. நானும் ஆடுகளும் சுகம். புகைக்கூண்டை அடைத்திருந்த காக்கைக் கூட்டை எடுத்தாயிற்று. உன் மனைவி சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

திரும்பி வரட்டுமா வேண்டாமா என்று ஆக்னெஸிடம் கேட்டு எழுதினாயே, பதில் இல்லை என்று நார்வேயில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். அவளுக்கு எழுத வராது, ரோஷம்தான் வரும். "பட்டை தீட்டாத ஆம்பர் ஒண்ணு தேடி அனுப்புறேன் அத்தை. பளபளன்னு இருந்தா அவருக்குப் பிடிக்காது. கையில வாங்கினதும் புரிஞ்சுக்குவாரு" என்றாள்.

புயல் ஓய்ந்த காலையில் இருவரும் கடற்கரைக்குப் போனோம். பாசிக்குள் கிடக்கும், கல்லாய் இறுகிய மரப்பிசினான ஆம்பரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டியின் மேலோடு போல மங்கலாய், சொரசொரவென்று இருக்கும். கூழாங்கல் மாதிரி கையில் சில்லிடாது, கனமும் இராது. பல்லில் தட்டினால் மரப்பொத்தான் சத்தம். ஆனால் பழைய போர்க்குண்டுகளிலிருந்து ஒதுங்கும் பாஸ்பரஸும் ஈரத்தில் அதே மஞ்சள்தான், காயும்வரை சாதுதான், காய்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தானே நாம் எதை எடுத்தாலும் தகர டப்பாவில் போடுகிறோம். ஆக்னெஸ் கடல் பார்க்காத ஊர்ப் பெண் என்றாலும் சொன்ன பேச்சைக் கேட்பவள். எல்லாவற்றையும் டப்பாவில்தான் போட்டாள். உனக்கென்று பிடித்துப்போன ஒன்றை மட்டும் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மணல்மேடு ஏறுவதற்குள் பற்றிக்கொண்டது. ஈர மணலை அள்ளி அப்பினேன். அணைந்த இடமே மறுபடி எரிந்தது. கடைசியில் அவளைத் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டுக் கத்தினேன், ஆட்கள் ஓடி வந்தார்கள். தொடையில் தோல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நடப்பாள் என்கிறார் டாக்டர், ஆனால் தழும்பு போகாதாம்.

"அவருக்கு எழுதாதீங்க அத்தை. பரிதாபப்பட்டு யாரும் வந்து நிக்க வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவளிடம் என்னை மாட்டிவிட்டுவிடாதே.

நேற்று நர்ஸ் கட்டு மாற்றும்போது போர்வையை இழுத்துக்கொண்டு, "இதைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்குவாரா?" என்று கேட்டாள். "என் பிள்ளைய நான் அப்படி வளக்கலடி!" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

உனக்கென்று அவள் எடுத்த அந்தக் கல்தான் நீ கேட்டதற்குப் பதில், ராய்விஸ். வந்துவிடு. ஆண்டவர் உன் பயணத்தைக் காக்கட்டும். அவள் படுக்கை அருகில் உட்காரும்போது, அந்தப் போர்வையை நீயே விலக்கிப் பார், மகனே.

உன் அம்மா,
வெல்டா