ஒரு வரி, ஒரு படம்

18.3.2024, திங்கட்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கு இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இதைத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. கைபேசியில் அனுப்பினால் யார் கண்ணில் படும் என்ற உத்தரவாதம் இப்போது இல்லை.

சென்ற 9ஆம் தேதி, சனிக்கிழமை, உன் தம்பி உனக்கு அனுப்பியதாகச் சொன்னாயே, 'அக்கா. விடுதியில் தங்க ஆசை' என்று, வீட்டுப் படத்தோடு? அது அவன் எழுதியதல்ல என்றே நான் கருதியிருந்தேன். முப்பத்தொரு வயதிலும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவன், மனத்தில் உள்ளதை எழுதுவானா? அவன் தினமும் போய்வரும் பயிற்சி மையத்தார் அந்த டேப்லெட்டைக் கொடுத்தது பிப்ரவரி 5ஆம் தேதி. படத்தைத் தொட்டால் சொல் வரும். அவர்களுடைய விடுதியில் ஓர் இடம் காலி என்று அறிவித்தது மார்ச் 4ஆம் தேதி. அந்த வாரமே இவனுக்கு ஆசை! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம்ப நான் தயாராயில்லை.

மேலும், நான் அவனுக்கு அனுப்பிய எதற்கும் பதில் வந்ததில்லை. எதிர்வீட்டுத் தையல்காரருக்கு மட்டும் 'பொத்தான் போச்சு' என்று போகிறது. "என்ன சார், உங்களுக்கு ஒண்ணும் வர்றதில்லையாமே?" என்று அவர் கேலி வேறு. அப்பனுக்கு எழுதாதவன் ஊருக்கெல்லாம் எழுதுகிறான் என்றால், எழுதுவது வேறு கை.

15ஆம் தேதி மையத்துக்குச் சென்று, கட்டிலை நிரப்ப நீங்கள்தானே எழுதுகிறீர்கள் என்று பயிற்சி ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவும் சந்தேகமாகவே பட்டது. நான் அனுப்பியதைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். 'மேற்படி விஷயம் தொடர்பாக, கடந்த 28ஆம் தேதி நான் குறிப்பிட்டவாறு' என்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, இது எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியும். ஒரு வரி, ஒரு படம், அவ்வளவுதான். அப்புறம் காத்திருங்க. அவரு நிதானமாத்தான் பதில் போடுவாரு. நடுவுல இன்னொண்ணு அனுப்பிடாதீங்க" என்றாள்.

நேற்று ஞாயிறு. மையம் விடுமுறை, வேறு கை நுழைய வழியில்லை. உன் தம்பி தன் அறையில். நான் கூடத்தில், அவன் கதவைப் பார்த்த நாற்காலியில். 'விடுதி பிடிக்குமா?' என்று வீட்டுப் படத்துடன் அனுப்பினேன். செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்து முடித்தபின் பதில் வந்தது: 'பிடிக்கும். நண்பன் அங்கே.' எந்த நண்பன்? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

பிறகு அவனாகவே ஒன்று அனுப்பினான். 'அப்பா தனியா?' பக்கத்தில் அழும் முகம், கேள்விக்குறி.

கதவு மூடியேதான் இருந்தது. எழுதியது அவனே என்பதை இதன்மூலம் உறுதிசெய்கிறேன்.

விடுதிக்குச் சம்மதம் தெரிவிக்க 31ஆம் தேதி கடைசி நாள். மையத்தாரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. அங்குள்ள சமையலறையையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் நேரில் பார்த்தபின்பே கையெழுத்து.

ஆனால் அவன் கேள்விக்கு இந்நேரம்வரை நான் பதில் அனுப்பவில்லை. அவன் காத்திருக்கிறான், நடுவில் இன்னொன்று அனுப்பவும் இல்லை. 'இல்லை' என்று சொல்ல ஏற்ற படத்தைத் தேடுகிறேன்; அகப்படவில்லை. உனக்குத் தெரிந்தால் உடனே அனுப்பு. தபாலில் வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா