ஐயங்குளத்துப் படியில் பாசி இல்லை

திருவண்ணாமலை
9.1.1983

அன்பு மகன் சகாதேவனுக்கு,

அப்பா வேடியப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம். மருமகள் வேதாவும் பேத்தி பொன்னியும் ஹாம்பர்க் குளிருக்குப் பழகிவிட்டார்களா?

நீ மோட்டார் படகு ஓட்டும் லைசென்ஸுக்குப் படிப்பதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "ஞாயித்துக்கிழமை சும்மா சுத்தறதுக்கு ஒரு பரீட்சையா?" என்கிறாள். எட்டாவதிலேயே கோட்டை விட்டவனிடம் கேட்டால் நான் என்ன சொல்ல? ஆசிரமத்துப் பக்கம் என்னிடம் வாடகை சைக்கிள் எடுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு நான் பரீட்சை வைப்பதில்லை. விழுந்து வந்தால் டிங்சர் போடுகிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் பாரத்தில் "முன்பு வலிப்பு, மயக்கம் உண்டா?" என்று கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். உனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இல்லை என்றே எழுது. நெற்றித் தழும்பைக் கேட்டால், பதினேழு வயதில் ஐயங்குளத்துப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன் என்று சொல். என் பிள்ளை கப்பல் ஓட்டுகிறான் என்று இப்போதே கடையில் சொல்லிவிட்டேன். படகு என்று சொன்னால் யார் மதிக்கிறார்கள்?

அன்பு அப்பா
வேடியப்பன்


ஹாம்பர்க்
20.3.1983

அன்புள்ள நைனாவுக்கு,

பாஸ் செய்துவிட்டேன். எழுத்துப் பரீட்சையில் நான்கே தவறு. ஓட்டிக் காட்டும்போது தண்ணீரில் போட்ட மிதவையைச் சுற்றி வந்து, இம்மி பிசகாமல் படகைக் கரையோடு அணைத்தேன்.

எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டாளாமே. இங்கே பஸ்ஸில் என் பக்கத்து இடம்தான் கடைசியாக நிரம்பும். தண்ணீரில் அப்படி இல்லை. எதிரே வரும் படகுக்காரர் கையைத் தூக்குகிறார், நானும் தூக்குகிறேன். இங்கு வந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் வெர்னர் தன் படகைத் தருகிறார். மே மாதம் முதல் ஞாயிறு, பொன்னியை மட்டும் ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன். வேதாவுக்குப் பயம், கரையிலேயே நிற்பாளாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயமில்லை, "நீதானே ஓட்டறே" என்கிறாள்.

உங்கள்
சகாதேவன்


திருவண்ணாமலை
2.4.1983

மகனே சகாதேவா,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று உன் அம்மா தடுத்தாள். "எழுதினீங்கன்னா வேதா பொட்டியக் கட்டிக்கினு வந்துடுவா" என்றாள். அவள் அழுதுகொண்டு உள்ளே போனதும் எழுதுகிறேன்.

படியில் பாசி இல்லை. அது அக்கினி நட்சத்திரம். தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது, மேல்படியெல்லாம் கால் வைக்க முடியாத சூடு. உனக்கு வலிப்பு வந்து விழுந்தாய். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சாவிக்கொத்தை உன் கையில் திணித்ததைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நினைவு வந்ததும் "என்னாச்சு நைனா?" என்றாய். என் வாயில் வந்த பொய்தான் பாசி.

அதற்கு முன்னாலும் நான்கைந்து தடவை, எல்லாம் தூக்கத்தில். உனக்குத் தெரியாது. அம்மா நாலு வருடம் "சத்து மாத்திரை" என்று கொடுத்தாளே, வேலூர் டாக்டர் வலிப்புக்கு எழுதித் தந்தது அதுதான். இருபத்தொரு வயதில் நிறுத்தினோம். அதற்குப் பிறகு வரவில்லை, நாங்கள் பார்த்த வரைக்கும். பெண் பார்க்கும்போது சம்மந்தியிடமும் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயம்.

ஜனவரியில் நீ நேராகவே கேட்டாய். நேராகவே பொய் எழுதினேன். நீ ஒருத்தன் என்றால் ஒருவேளை கடைசி வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான். ஆனால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நடுத்தண்ணீரில் உனக்கு வந்தால், அவள் யாரைக் கூப்பிடுவாள்?

பொன்னியை ஏற்றாதே. டாக்டரிடம் சொல்லிவிடு. என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை.

அப்பா


திருவண்ணாமலை
15.5.1983

அன்பு மகன் சகாதேவனுக்கு,

ஆறு வாரமாகிவிட்டது, உன்னிடமிருந்து பதில் இல்லை. போஸ்ட்மேன் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான். அதுவும் என்னிடம் வாங்கிய சைக்கிள்.

போன வாரம் கீழ்பென்னாத்தூர் போனேன். வேதாவின் அப்பா ராஜமாணிக்கம் களத்தில் மல்லாட்டைச் செடியில் ஆய்ந்த கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துத் திரும்பக் கொட்டினார். அப்புறம் சொன்னார்: "சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பேனா மாட்டேனா, எனக்கே தெரியல சம்மந்தி. ஆனா ஏழு வருசமா என் வூட்ல உக்காந்து சாப்புட்டீங்களே, ஒரு நாள் வாய் வரலியா?"

உட்காருங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் வேணுமா என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் ஓடி வரும் மனுஷர். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

பொன்னி சௌக்கியமா என்று மட்டுமாவது ஒரு வரி போடு.

அப்பா


ஹாம்பர்க்
30.5.1983

நைனாவுக்கு,

பொன்னி நன்றாக இருக்கிறாள். படகில் ஏற்றவில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு டாக்டரிடம் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் கடிதத்தை நானே வரி வரியாக ஜெர்மனில் சொன்னேன். சாவிக்கொத்து வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தலையில் ஒயர்களை ஒட்டி இரண்டு தடவை பார்த்தார்கள். இன்னும் இருக்கிறதாம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தடவை அதன் பெயர் எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை இத்தனை நாள் நீங்கள் வைத்திருந்தீர்கள். அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மன்னித்தேன் என்று இப்போது எழுதினால் அது நானும் எழுதும் பொய்.

வேதாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பொன்னிக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்: "வந்துச்சுனா நான் இன்னா பண்ணணும்? அத மாமாவ எழுதச் சொல்லுங்க."

எனக்கு அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் நீங்களும் அம்மாவும்தான். எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முன்கூட்டி ஏதாவது தெரிந்ததா, எழுந்ததும் என்ன கேட்டேன், எல்லாவற்றையும் அம்மாவிடமும் கேட்டு ஒன்றும் விடாமல் எழுதுங்கள். வேதா அதைச் சமையலறையில் ஒட்டிவைக்கப் போகிறாள்.

அந்த ஒரு கடிதத்தில் மட்டும் தமாஷ் வேண்டாம், நைனா.

சகாதேவன்