ஓட்டை இல்லாத கீரை

ஜூலை 6, ஞாயிறு
விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட பெட்ஷீட் பறந்து சாக்கடையில். மறுபடி துவைக்க வேண்டும்.

சர்ச் முடிந்து நேரே ராயபுரம் சந்தை. எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து நடத்துவது. மருந்தடிக்காத காய் மட்டும் என்று போர்டு. வழக்கம்போல் கணியூர் அக்காவிடம்தான். வாரம் தவறாமல் தன் தோட்டத்துக் கீரையோடு விடியுமுன் வேனில் வருகிறார்.

வாங்கியது: சிறுகீரை 2 கட்டு, முளைக்கீரை 1, நாட்டுத் தக்காளி.

வயிற்றில் இருப்பதற்கு இன்றோடு பதினெட்டு வாரம். எனக்கு, வீட்டுக்காரர் ஜெபராஜுக்கு, டாக்டருக்கு மட்டுமே தெரியும். அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. போன தடவை மூன்றாம் மாதமே ஊருக்கெல்லாம் சொன்னோம். நாலாம் மாதம் கலைந்தது. இந்தத் தடவை தொளதொள சுடிதார். யாருக்கும் சந்தேகமில்லை.

டாக்டர் சொன்னது: ரத்தம் குறைவு, தினமும் கீரை. மூன்று மாதமாகத் தின்கிறேன்.

ஜூலை 9, புதன்
கண் எரிச்சல். கம்பெனியில் இன்று முழுக்க வெள்ளை பனியன். செக்கிங் டேபிளில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து கீரை ஆய உட்கார்ந்தேன். கை நின்றுவிட்டது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. இரண்டு கட்டையும் பிரித்துப் பார்த்தேன். புழு கடித்த தடம் இல்லை, ஒரு பூச்சி முட்டை இல்லை. இத்தனை பீஸில் ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லையென்றால் எங்கள் சூப்பர்வைசரே நம்பமாட்டார்.

ஜெபராஜ் சிரிக்கிறார்: "என்னட்டி, கீரையவுமா செக்கிங் பண்ணுத?"

முகர்ந்தேன். மண் வாசனைதான். கடைந்தேன். சாப்பிட்டேன். அப்புறம் தூக்கமில்லை.

ஜூலை 13, ஞாயிறு
அக்காவிடம் கேட்டே விட்டேன். "மருந்து ஏதும் அடிக்கியளாக்கா?"

"இல்லீங்க கண்ணு. வேப்பெண்ணெக் கரைசல் மட்டுந்தானுங்க."

முகம் பார்த்துச் சொல்லவில்லை. கட்டுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்கும் இதே கீரைதானக்கா?"

"ஊட்டுக்குத் தனியாப் பாத்தி இருக்குதுங்க."

சொன்னவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தனியாக எதற்கு? கேட்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

ஒரு கட்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 16, புதன்
மின் கட்டணம். இரும்பு மாத்திரை தீர்ந்தது.

கீரையை ஹவுஸ் ஓனர் கோழிகளுக்குப் போட்டேன். சாயங்காலம் போய் எண்ணினேன். ஐந்தும் மேய்ந்துகொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு
மழை வரும்போல் மூட்டம். சந்தையில் கூட்டம்.

கோழிகளை நம்பி இரண்டு கட்டு எடுத்துப் பையில் போட்டேன். உட்கார்ந்து எழும்போது ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது. அக்கா பார்த்துவிட்டார்.

காதோரம் வந்து கேட்டார். "எத்தன மாசமுங்க கண்ணு?"

"அஞ்சு."

அவர் முகம் செத்துவிட்டது. என் பைக்குள் கைவிட்டு இரண்டு கட்டையும் வெளியே எடுத்தார். "இது உங்களுக்கு வேண்டாங்க. அடுத்த வாரம் ஊட்டுப் பாத்தியில இருந்து கொண்டாறனுங்க."

"மூணு மாசமா இதத்தானக்கா திங்கேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தெரியாதுங்களே கண்ணு. ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே."

எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு விமலா. மே மாதம் கல்யாணமானவள். பையை நீட்டினாள். அதே இரண்டு கட்டை அக்கா அதில் போட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றால் விமலா ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் என் வயிற்றையும் சொல்ல வேண்டும்.