பத்து மணிவரைக்கும் வாசலில் நிற்பன்

இஞ்சாருங்கோ,

சல்லிக் கடற்கரையில் கருவாட்டுக் கூடை தூக்கின தோள் நோ இன்னும் விடவில்லை. என்றாலும் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போறன்.

புருசன் விட்டிட்டுப் போனவள் என்றுதான் நாலு வருசமாய் அரசாங்கம் தாற பிச்சைச் சம்பளம் எடுத்தனான். நீங்கள் திரும்பி வந்து மூன்று நாள். "ஆரோ சொந்தக்காரன் வந்து நிற்கிறான் என்று சொல்லன்" என்று நேற்றுச் சிரித்தீங்கள். புருசனை ஒளித்துவைத்துக் காசு எடுக்க எனக்கு ஏலாது. உண்மையைச் சொல்லி நிப்பாட்டப் போறன்.

குசினியில் புட்டு மூடியிருக்கு. வேலை கேட்டுத் துறைமுகப் பக்கம் போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு ராசமலர் அக்காவிடம் குடுங்கோ.

நிப்பாட்டினால் திரும்ப எடுக்கிறது லேசில்லை. திரும்பவும் விட்டிட்டுப் போற எண்ணம் இருந்தால் பத்து மணிக்கு முன்னம் கந்தோர் வாசலுக்கு வந்து சொல்லுங்கோ. கத்த மாட்டன்.

சீதேவி

இருக்கிறதென்றால் மத்தியானத்துக்கு மீன் வாங்கி வையுங்கோ. நாலு வருசம் எங்கே இருந்தனீங்கள் என்றதுக்குப் பதில் நீங்கள் எனக்கு இன்னும் தரவேண்டிய கடன்.