ஏழேகால் அங்குல வளைவு

மார்ச் 4

இவருடைய இடது மோதிர விரல் இருபத்தைந்து டிகிரி மடங்கியிருக்கிறது. சொன்னவர் கை மருத்துவர். கோணமானி வைத்து என் கண்முன் அளந்தார். ஜனவரியில் பதினைந்து இருந்தது. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் கயிறுபோல ஒன்று தடித்து விரலை உள்ளே இழுக்கிறது. அறுத்து எடுக்கலாம், திரும்பவும் வரலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

ஹோட்டல் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடம் கிட்டார் வாசித்த கை. வெளியே வந்ததும், "இனிமே டம்ளர் பிடிக்க நான் மெனக்கெட வேண்டாம், அதுவே ரெடியா இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழு ஒப்பந்தம் ஏப்ரல் கடைசியில் புதுப்பிக்கப்படும். அதுவரை கை தாங்க வேண்டும்.

மார்ச் 7

கிட்டார் சரிசெய்யும் மாஸ்டரைப் பார்த்தேன். "சார் கிட்டார்ல விரல் பலகை கிட்டத்தட்ட தட்டை, மேடம். ஏழேகால் ரேடியஸ்ல வளைச்சு வேற பலகை போட்டா, விரல் முழுசா நிமிராட்டியும் கம்பி அமுங்கும். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. நீங்க தேய்ச்சுக் கொண்டாங்க, மேல குறுக்க வர்ற ஃப்ரெட் பட்டையெல்லாம் நான் அடிச்சு மாட்டித் தர்றேன்."

ரேடியஸ் டெம்ப்ளேட் என்று ஒன்று வேண்டுமாம். ஏழேகால் அங்குல ஆரமுள்ள வட்டத்தின் விளிம்பு, அதில் ஒரு துண்டு. பலகைமேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். இடையில் ஒளிக்கீற்று தெரியாவிட்டால் வளைவு சரி.

மார்ச் 9

இசைக்கருவிக் கடையில் வாங்கினேன். பிளாஸ்டிக், 7.25 என்று பொறித்திருக்கிறது. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முப்பது வருட நிருபர் வேலையில் நான் ஒரு செய்தியும் கொடுத்ததில்லை. மாஸ்டரிடம் பழைய மர டெம்ப்ளேட் ஒன்று தொங்கியது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. உறுதியாகிவிட்டது.

மார்ச் 16

தேய்ப்பு. கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினால் மரத்தூள்.

மார்ச் 24

ஒளிக்கீற்று மறைந்தது, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. பலகையை மாஸ்டரிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 2

கிட்டார் வந்தது. இவர் மடியில் வைத்து, மோதிர விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமுக்கும் ஒரு பிடியைப் பிடித்தார். நடுவில் இரண்டு கம்பிகள் செத்த ஒலி. மறுபடியும் அதே.

"தட்டையா இருக்கு."

"இல்லைங்க. ரெண்டு டெம்ப்ளேட் வச்சுப் பார்த்தாச்சு."

"என் விரல் சொல்லுது, தட்டையா இருக்குன்னு."

"விரலுக்குத்தானே உடம்பு சரியில்லை."

சொல்லிவிட்டேன். இவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா, நோயாளி சொன்னா யாரு நம்புவா" என்று சிரித்தார்.

ஏப்ரல் 6

குழுவை நடத்தும் டிரம்ஸ்காரரிடம் இவரே போய்ச் சொல்லியிருக்கிறார், என்னை விட்டுடு என்று. "மாப்ள, மாசக் கடைசி வரைக்கும் பாரேன்டா" என்று அவர் கெஞ்சினாராம். "ஏழேகால் வளைவுலயே கம்பி அமுங்கலைன்னா எதுல அமுங்கும்" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அது நான் கொடுத்த எண்.

ஏப்ரல் 13

குழுவில் புது ஆள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். சொன்னவர் டிரம்ஸ்காரர், போனில்.

ஏப்ரல் 19

மாஸ்டரிடம் வாங்கியிருந்த உப்புத்தாள் கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சுவரில் அந்த மர டெம்ப்ளேட். சும்மா பேச்சுக்குக் கேட்டேன், எத்தனை வருடத்துப் பொருள் என்று.

"எங்க மேடம், போன வருஷம் வெட்டினது. அந்தக் கடை பிளாஸ்டிக்தான். ஒடிஞ்சுரும்னு மரத்துல வச்சு வரைஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்குக் கண்ணு இப்படி ஆயிடுச்சு, அதை வச்சு ஒரு வேலையும் பண்ணலை."

எண்ணெய்க் கறை இருந்தது. பழையது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கேட்கவில்லை. அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்!

வீட்டுக்கு வந்து ஒரு மரச்சட்டத்தில் ஏழேகால் அங்குல இடைவெளியில் ஆணியும் பென்சிலும் வைத்து, தரையில் தாளை விரித்து வட்டம் போட்டேன். டெம்ப்ளேட் அதில் உட்காரவில்லை. எட்டு, ஒன்பது போட்டேன். பத்தில் உட்கார்ந்தது. கிட்டாரில் கம்பியைக் கழற்றி அளந்தேன். பலகையின் நடு, ஓரத்தைவிட இரண்டு மில்லிமீட்டருக்குமேல் உயர்ந்திருக்க வேண்டும். ஒன்றரைதான் இருக்கிறது. அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் குறை. அதைத்தான் இவர் விரல் சொன்னது.

இரண்டு ஆதாரம் இல்லை. ஒன்றேதான். இவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார் — அதை நான் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 20

சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்ப என் கை பொய் சொல்லலை."

"இல்லைங்க."

"நான்தான் அதைக் கைவிட்டுட்டேன்."

"நான்தான். நான்தான் விட வச்சேன்."

"விடு. நீயா போய் டிரம்ஸ்காரன்கிட்ட சொன்னே?"

திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை, அதுதான்... என்ன செய்ய?

இவரைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு டிரம்ஸ்காரரை அழைத்தேன். "நானும் கேட்டுப் பார்த்துட்டேன்மா. ஹோட்டல்ல ஒத்துக்கலை" என்றார்.

ஏப்ரல் 22

வெளியூர்ப் பட்டறை ஒன்றில் எஃகுத் தகட்டில் டெம்ப்ளேட் வெட்டச் சொல்லியிருக்கிறேன். வட்டம் வரைந்த தாளையும் அனுப்பினேன். ஃப்ரெட்டைப் பிடுங்கித் திரும்பத் தேய்க்க இன்னும் மூன்று வாரம் என்கிறார் மாஸ்டர்.

ஏப்ரல் 26

விரல் இப்போது முப்பத்தெட்டு டிகிரி. சொன்னவர் அதே மருத்துவர். முப்பது தாண்டினால் அறுவை பற்றி யோசிக்கலாமாம். மே 9 அன்று முடிவு சொல்வார். தகடு தபாலில் மே 2 வாக்கில் வரும். சாப்பிடும்போது இரண்டு தேதியையும் இவரிடம் சொன்னேன். சரி என்றார். புது ஆளுக்குப் பாட்டு வரிசை கொடுக்க வேண்டும் என்று பழைய நோட்டைத் தேடினார். பீரோவின் மேல்தட்டில் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.