மிச்சமிருக்கும் இரண்டு மீன்கள்

அப்பா,

நேற்று மீன்தொட்டி வடிகட்டியின் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். இன்று காலை நாலு மீன் செத்து மிதக்கிறது. பஞ்சிலிருந்த அந்த வழவழப்பு அழுக்கில்லை, மீன் கழிவைத் தின்னும் கிருமிகள் குடியிருந்த இடம் என்று நேற்றே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"டிகிரி வாங்கிட்டா அப்பனுக்கே பாடம் எடுப்பியா?" என்றீர்கள். நம் வீட்டின் முதல் டிகிரி என்று தெருவெல்லாம் பெருமையடித்த அதே வாய்.

பாதித் தண்ணீரை மாற்றி, குளோரின் போக்கும் மருந்து விட்டிருக்கிறேன். நான் வேலை முடிந்து வரும்வரை தீனி போடாதீர்கள். ஒரு மாதத்துக்குப் புது மீன் வேண்டாம். இனிமேல் பஞ்சைத் தொட்டியில் மொண்ட தண்ணீரிலேயே அலசுங்கள்.

சாப்பாடு மூடியிருக்கிறது. கோபத்திலும் உப்புப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நான் சொல்லிக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்றால், மீன் விற்ற கடைக்காரர் சொன்னதாக நினைத்துக்கொண்டாவது செய்யுங்கள்.